கங்காரு அன்ரிக்கு மொழிபெயர்த்தவன்

கங்காருவோடு குத்துச்சண்டை போட்டு வென்ற ஒரே யாழ்ப்பாணத்தான் நான்தான்.

பொய். வெல்லவில்லை. சண்டையே போடவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டு, அதன் காலடியில் சீனவெடி கொளுத்திப் போட்டவன் நான். அதுவும் குத்துச்சண்டைக் கங்காருவுக்கு இல்லை, பையில் குட்டியோடு நின்ற அதன் பெண்சாதிக்கு. இந்தச் சண்டைக் கதையைச் சொல்லிப் பரிஸ் லா சப்பல் கடைகளில் நான் குடித்த ஓசித் தேத்தண்ணியைச் சேர்த்து ஊற்றினால் பக்கத்துக் கால்வாய் நிரம்பும். கேட்டுச் சிரித்தவர்கள் நீங்கள்தான். உங்களில் பாதிப் பேருக்கு இப்போது சீனி வருத்தம், மற்றப் பாதிக்குக் காது கேட்காது. சரி, இனியாவது உள்ளதைச் சொல்வோம்.

சங்கத்து மலருக்கு, சின்ன வயதில் இங்கே வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது எழுத வேண்டுமாம். மலர் போடுகிறவர் எனக்கும் ஒரு கொப்பியும் பேனையும் தந்துவிட்டுப் போனார். முதல் பனி, முதல் மெத்ரோ என்று ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் படித்தவன் இல்லை. ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் இராணுவம் இருந்தது, இங்கே பள்ளிக்கூடத்துக்குள் நான் இருந்தேன். இரண்டு இடத்திலும் படிப்பு நடக்கவில்லை. எழுத்துப் பிழை கண்டால் திருத்திப் படியுங்கள், எனக்குச் சொல்ல வரவேண்டாம்.

இன்று சனிக்கிழமை. தேத்தண்ணிக் கடையின் பின்மேசையில் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் அன்ரி சென் தெனியிலிருந்து மரக்கறி வாங்க வருவார். வந்தால் நான் எழும்பி அவரோடு போகவேண்டும். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன், ஏனென்றால் கதை அவரைப் பற்றியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. லா சப்பலில் அப்போது நம்முடைய கடை என்று ஒரு கை விரலுக்குள் எண்ணலாம். முருங்கைக்காய் வந்திருக்கிறது என்றால் அந்தச் செய்தி மெத்ரோவை முந்திக்கொண்டு ஓடும். எங்கள் வீடு தண்டவாளப் பக்கமாக நாலாம் மாடியில். வீடு என்பது ஒரு அறை. கக்கூசு படிக்கட்டுத் திருப்பத்தில், நாலு வாசலுக்கும் ஒன்று. ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று பல்லை நெருமும். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அவர் என் தலையைத் தடவினால் தலைமயிர் வெளுத்துப்போகும் போல ஜவெல் தண்ணி மணக்கும்.

எதிர் அறையில் இருந்தவர் அன்ரி. எங்களுக்கு அவர் ஒரு உறவுமுறையும் இல்லை. ஆம்பிளைகள் நிறைந்த கட்டடத்தில் தனியாக வந்திருக்கும் இளம் பெண்ணை 'அன்ரி' என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு பிள்ளை பின்னால் திரிந்தால் நல்லது என்று அம்மா எனக்கு அந்த உத்தியோகத்தைத் தந்தார். அன்ரிக்கு அப்போது இருபத்தைந்து இருக்கும். புருசனை ஒரு காலை இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், திருப்பித் தரவில்லை. இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று. அதைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். லொறிக்குள் பிள்ளை அழுதால் எல்லோரும் பிடிபடுவோம், பிறகு அனுப்பலாம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னானாம். அந்தப் 'பிறகு'க்காகத்தான் அன்ரி உயிரோடு இருந்தார். பிள்ளையை இங்கே எடுப்பது, அதுதான் அவருக்கு வேலை, சாப்பாடு, கோவில் எல்லாம்.

அவரிடம் ஒரு பை இருந்தது. கோதுமை மா வந்த துணிப்பையை வெட்டித் தானே தைத்தது. நாடா கோத்து வயிற்றோடு கட்டி, மேலே சட்டை, அதற்கு மேலே யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட். பார்த்தால் ஆறு மாத வயிறு மாதிரி இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் அதைக் கழற்றி அம்மாவிடம் தருவார். ஒரு நாள் அம்மா உலைக்கு அரிசி போடுகிற நேரம் பார்த்து நான் அதைக் கிண்டினேன். விசுக்கோத்து இருக்கும் என்று நினைத்தேன். நாலாக மடித்த ரிசிப்பிசே என்கிற தற்காலிக விசாத் துண்டு, குழந்தையின் படம் ஒன்று, ஒரு சூப்பி. சூப்பியின் ரப்பர் முனையில் பல் பட்ட அடையாளம். குழந்தை இரவில் அதைச் சூப்பாமல் தூங்காதாம். விட்டுவிட்டு வந்த பரபரப்பில் அது அவருடைய பைக்குள் வந்துவிட்டது. பிள்ளை அங்கே, சூப்பி இங்கே.

பள்ளியில் என்னைச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தி எழுத்துப் படிப்பித்தார்கள். பிரெஞ்சில் 'கா' என்று ஒரு எழுத்து. அதில் தொடங்கும் சொல் அவர்களிடம் அதிகம் இல்லை, அதனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த எழுத்துக்குக் கங்காருதான் நிற்கும். முன்னுக்குப் பை, பைக்குள் ஒரு தலை. அன்று பின்னேரம் படிக்கட்டில் அன்ரி ஏறி வர, நான் மேலிருந்து கங்காரு என்று கத்தினேன். கோப்பை கழுவப் போகிறவர்கள், வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்ரியும் சிரித்தார். ஒரு கிழமைக்குள் மரக்கறிக் கடைக்காரர் கூடக் கங்காருத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அந்தப் பட்டம் மாதிரி இவ்வளவு காலம் நிலைக்கவில்லை.

இனி என் பிரெஞ்சைப் பற்றி. அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், என் மகன் வெள்ளைக்காரன் தோற்கப் பிரெஞ்சு கதைக்கிறான் என்று. நான் கதைத்தது பள்ளிக்கூட முற்றத்துப் பிரெஞ்சு. ஒருவனுடைய தாயைப் பற்றி ஆறு விதமாகச் சொல்லத் தெரியும், ஒரு விண்ணப்பத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் எல்லோரும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவரிடம் ஒருவருக்கு மூலம் என்பதை அடிமரம் என்று சொல்லி, மருத்துவர் தோட்டவேலை செய்கிறீர்களா என்று கேட்டதும் உண்டு. கூலி ஒரு சொக்லேட் பாண். அதற்காக நான் சீன மொழியையும் மொழிபெயர்த்திருப்பேன்.

அப்படித்தான் ஒரு நாள் அன்ரி என்னை ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிப்போனார். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு அம்மா இருந்தார், நல்ல மனுசி, எனக்கு இனிப்புத் தந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பெயர், பிறந்த இடம், புருசன். பிறகு கேட்டார், பிள்ளைகள் 'ஆ ஷார்ஜ்' இருக்கிறார்களா என்று.

ஷார்ஜ் எனக்குத் தெரிந்த சொல். சந்தையில் பெட்டி ஏற்றுகிற ஆட்கள் நாள் முழுக்க அதைத்தான் கத்துவார்கள். ஏற்று, தூக்கு, சுமை. நான் அன்ரியிடம் திரும்பினேன்.

"பிள்ளை ஏதும் சுமந்துகொண்டு வந்தனீங்களோ எண்டு கேக்கிறா."

சொன்னதோடு வாய் சும்மா இருக்கவில்லை.

"கங்காரு மாதிரி, வயித்துக்குள்ளை வைச்சு."

அன்ரிக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. வயிற்றில் இருந்த பையைத் தடவிக்கொண்டு, "இல்லைத் தம்பி. தனியத்தான் வந்தனான் எண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். அந்த அம்மா எழுதினார். 'நேஆன்'. இல்லை, ஒன்றுமில்லை என்பதற்கு அவர்கள் எழுதுகிற சொல். அன்ரி கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார், வடிவான கையெழுத்து. வரும் வழியில் சொக்லேட் பாண் இரண்டு வாங்கித் தந்தார்.

ஜூலை மாதம் சேர்க்கஸ் வந்தது. போர்த் து லா சப்பல் பக்கம் தண்டவாளத்துக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில் ஒரு வெறும் காணி, அதில் கூடாரம். நோஞ்சான் ஒட்டகம் ஒன்று, ஆடுகள் ஏழெட்டு, இரண்டு கங்காரு. நானும் என் கூட்டாளியும் சீலைக்கு அடியால் புகுந்தோம். ஆண் கங்காருவுக்குச் சிவப்புக் கையுறை கட்டி ஒரு கோமாளியோடு சண்டைக்கு விட்டார்கள். அதற்குச் சண்டையில் விருப்பம் இல்லை. கோமாளி அதன் மூக்கில் குத்துவான், அது வாலில் சாய்ந்து இரண்டு காலாலும் உதைக்கும், சனம் கைதட்டும். ஒலிபெருக்கியில் முதலாளி சொன்னார், இந்த மிருகத்தை அதன் நாட்டுச் சின்னத்திலே வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் ஒரு பெரிய பறவை, இந்தப் பக்கம் இது, இரண்டுக்கும் பின்னுக்கு நடக்கத் தெரியாது, அதற்காகத்தான் அந்த மரியாதை என்று. எங்கள் கட்டடத்தில் திரும்பிப் போக முடியாத நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரையும் யாரும் சின்னத்தில் போடவில்லை.

கூடாரத்துக்குப் பின்னால் வண்டிகளின் நடுவே பெண் கங்காருவின் கூடு. ஈர வைக்கோலும் மூத்திரமும் எரிந்த சீனியும் கலந்த மணம். நல்ல வெயில். அது நின்றபடி தன் முன்கைகளை நக்கி நக்கி ஈரமாக்கிக்கொண்டிருந்தது. அதற்கு வேர்க்காதாம், கையை நனைத்துத்தான் உடம்பைக் குளிராக்குமாம், பிறகு தெரிந்தது. கண்மயிர் அவ்வளவு நீளம். பைக்குள்ளிருந்து ஒரு காது மட்டும் வெளியே.

பிரெஞ்சுப் புரட்சி நாள் வெடிக் கொண்டாட்டம் கழிந்து இரண்டு நாள், என் பொக்கற்றில் மிச்சச் சீனவெடி. அது பாய்வதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

வெடித்தது. அது மேலே பாய்ந்து கம்பியில் மோதியது, விழுந்து மற்றப் பக்கக் கம்பியில் மோதியது. மூன்றாம் பாய்ச்சலில் பையிலிருந்து குட்டி வழுக்கிச் சேற்றில் விழுந்தது. தோலுரித்த முயலுக்கு மெல்லிசாக மயிர் முளைத்த மாதிரி. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கூட்டாளி ஓடிவிட்டான். என் காதைக் கங்காருக்காரன் பிடித்துவிட்டான்.

அடிப்பான் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. கூட்டுக்குள் போய்க் குட்டியை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி அதற்குள் சுற்றி, சட்டைக் கைகளை என் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு என் வயிற்றில் தொங்கவிட்டான். கூட்டின் பக்கத்தில் என்னை இருத்தினான்.

"இது இனி உன் ஷார்ஜ்" என்றான்.

ஓம், சுமந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று சொன்னேன். அவன் சிரித்தான். சுமப்பது இல்லையடா, முட்டாளே. ஷார்ஜ் என்றால் இது உயிரோடிருக்க நீ பொறுப்பு. சாப்பாடு நீ, சூடு நீ, செத்தால் பதில் சொல்வதும் நீ. கையில் தூக்கினாலும் சரி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சரி. பிள்ளையை வைத்திருக்கிற எல்லோருக்கும் அதுதான் சொல் என்று சொன்னான்.

கந்தோர் அம்மாவின் கண்ணாடிச் சங்கிலி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. சட்டைக்குள் குட்டியின் நெஞ்சு என் நெஞ்சைவிட வேகமாக அடித்தது.

அவன் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து புகைத்துக்கொண்டு கதை சொன்னான். அந்த நாட்டில் இதைக் காசில் அடிக்கிறார்கள், விமானத்தின் வாலில் கீறுகிறார்கள், பயிரைத் தின்கிறது என்று தோட்டக்காரர் சுட்டும் தள்ளுகிறார்கள், இறைச்சி நாய்க்குத் தகரத்தில் வருகிறது என்றான். எனக்கு அது அதிசயமாக இருந்தது. பிறகு பார்த்தால், இங்கே சேவலைத் தங்கள் நாட்டுச் சின்னமென்று சட்டையில் குத்திக்கொண்டு பந்தடிக்கிறவர்களும் அதே சேவலை வைனில் அவித்துத் தின்கிறார்கள். மரியாதை வேறு, கறி வேறு.

கடைசியாக நான் கேட்டேன், ஏன் குட்டியை எறிந்தது என்று. எறியவில்லை என்றான் அவன். பயம் வந்தால் பையை இறுக்கிப் பிடிக்கும் தசை தானாகத் தளர்ந்துவிடும், குட்டி விழுந்துவிடும், தான் தப்ப எறிகிறது என்று ஆட்கள் கதை கட்டுவார்கள், உன்னுடைய மூத்திரம் பயத்தில் போனால் நீ எறிந்தாய் என்றா சொல்வது என்று கேட்டான். என் காற்சட்டையைப் பார்த்துத்தான் கேட்டான்.

பொழுதுபடும் நேரம் தாய் அடங்கியது. அவன் சட்டையோடு குட்டியைக் கூட்டுக்குள் வைத்தான். தாய் குனிந்து மணந்தது. குட்டி தலைகீழாகப் பைக்குள் பாய்ந்து, கால் இரண்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்று, பிறகு அதுவும் உள்ளே போனது. எல்லாம் முடிய ஒரு நிமிடம் இல்லை.

அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அப்பா நாலு பேரை இருத்தி வைத்து, என் பெடியன் மின்சாரக் கடிதத்தைத் தண்ணி குடிக்கிற மாதிரி வாசிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்ப் படுத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம். நாளை வந்தது, அதற்குப் பிறகும் நாளைகள் வந்தன.

குளிர் தொடங்கக் கடிதம் வந்தது. பிள்ளையை எடுக்க அன்ரி போட்ட விண்ணப்பத்துக்குப் பதில். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அறையில் ஆட்டிறைச்சிக் கறி, கட்டிலிலும் நிலத்திலும் பத்துப் பன்னிரண்டு பேர். எங்கள் கட்டடத்தில் கடிதம் வாசிக்கிற மாமா ஒருவர் இருந்தார், அகராதியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறவர். அவர்தான் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வாசித்தார். முன்பு கொடுத்த பத்திரத்தில் பிள்ளைகள் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், ஆகவே முடியாது. விசயம் இவ்வளவுதான்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று விளங்கியது. பிள்ளை குட்டி இல்லாத குமர் என்று காட்டப் பார்த்திருக்கிறாள். இங்கே இன்னொரு கலியாணம் கட்டுவதற்கு. மரக்கறிக் கடைக்காரர் அவருக்கு மட்டும் வெங்காயம் கூடப் போடுவதை எல்லோரும் கண்டிருந்தார்கள்.

அம்மா எல்லோரையும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார்.

"ஏன் பிள்ளை, பிள்ளை இல்லையெண்டு சொன்னனி?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தனீங்களோ எண்டுதான் கேட்டவை. அதுக்குத்தான் இல்லையெண்டனான்."

மாமாவுக்குச் சிரிப்பு. "கந்தோரிலை ஆரும் உப்பிடிக் கேப்பினமோ, தங்கச்சி?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், நீதானே கூடப் போனனி. என்ன கேட்டவை, சொல்லு."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயில் இருந்த எலும்பை எடுத்துக் கோப்பையில் வைத்தேன். உண்மை சொல்ல நாலு சொல் போதும். சொன்னால் வெள்ளைக்காரன் தோற்கப் பிரெஞ்சு கதைக்கிற மகன் செத்துப்போவான். அவனை இழக்க எனக்கும் விருப்பமில்லை, அப்பாவுக்கும் வேறு சொத்து இல்லை.

"பிள்ளை இருக்கோ எண்டு கேட்டவை" என்றேன். "அன்ரி இல்லையெண்டவ."

அன்ரி என்னைத் திட்டவில்லை. மறந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரிக் கேட்டார்.

"தம்பி, கங்காரு மாதிரி வயித்துக்குள்ளையோ எண்டு நீ சொன்னனியெல்லோ. நான் சிரிச்சனானெல்லோ."

எல்லோரும் திரும்பவும் என்னைப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் எனக்கு ஒரு வழிதான் தெரியும், இன்றும் அதுதான். சிரிக்க வைப்பது.

"நான் சொன்ன கங்காரு வேறை" என்றேன். "நாய் துரத்தினால் கங்காரு தன்ரை குட்டியை எடுத்து எறிஞ்சுபோட்டு ஓடிடும். தான் தப்புறதுக்கு."

அறை வெடித்தது. மாமாவுக்குப் புரைக்கேறியது. ஒருவர் முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் எழுப்பிய மிகப் பெரிய சிரிப்பு அதுதான், அதற்குப் பிறகு சொன்ன பகிடி எல்லாம் அதற்குக் கிட்டவும் வரவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்ரியின் கோப்பையில் சோறு போட எடுத்த அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தார்.

சிரிப்பு அடங்கும்வரை அன்ரி இருந்தார். பிறகு என்னைத்தான் கேட்டார்.

"எறிஞ்ச குட்டிக்கு என்ன நடக்கும், தம்பி?"

எனக்குப் பதில் தெரியும். என் வயிற்றில் தொங்கிய குட்டி அது. தலைகீழாகப் பாய்ந்து உள்ளே போனதைப் பார்த்தவன் நான்.

"நாய் தின்னும்" என்றேன்.

அவர் எழும்பிப் போனார். பத்து வயசுப் பிள்ளை ஏன் பொய் சொல்லப்போகுது என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குப் பொலிசைத் தெரியும், ஏஜென்சிக்காரனைத் தெரியும், கள்ளப் பாஸ்போட்டை முகர்ந்தே கண்டுபிடிப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையை மட்டும் தெரியாது.

அடுத்த நாள் காலையில் பள்ளிக்கு இறங்கும்போது அன்ரி படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"நான்தான் பிழையா விளங்கியிட்டன் போலை, தம்பி" என்றார். "எனக்கு அண்டைக்குத் தலையும் சரியில்லை. உன்னிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை."

கையில் சொக்லேட் பாண் வைத்திருந்தார். ஒரு சின்னப் பிள்ளை தனக்கு அப்படிச் செய்யும் என்று நம்புவதைவிட, தன்னுடைய காது பிழை என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் பாணை வாங்கினேன். தின்றேன். விரலில் ஒட்டிய சொக்லேட்டையும் நக்கினேன்.

அன்றிலிருந்து கங்காரு என்ற பட்டத்தை ஆட்கள் வேறு குரலில் சொன்னார்கள். மரக்கறிக் கடைக்காரர் வெங்காயத்தை நிறுத்துப் போடத் தொடங்கினார். எங்கள் அறையில் எழும்பிய சிரிப்பு கடிதங்களுக்குள் மடிந்து ஊருக்கும் போனது. அன்ரி திரும்பத் திரும்ப விண்ணப்பம் போட்டார், வேறு மொழிபெயர்ப்பாளர் பிடித்தார், வேறு பத்திரம் கொண்டுபோனார். ஒருமுறை எழுதிய 'நேஆன்' எல்லாப் பத்திரத்துக்கும் முன்னால் போய் நின்றது. அதற்குள் அக்காவின் புருசனுக்கு ஒஸ்ரேலியாவுக்கு விசா கிடைத்துவிட்டது.

அக்கா எழுதினார். பிள்ளையை எங்கள் பிள்ளை என்று பதிந்துவிட்டோம், நீ அங்கே பிள்ளை இல்லை என்று சொன்னதாகப் பரிஸிலிருந்து அறிந்தோம், இனி நீயும் உன் வாழ்க்கையைப் பார், எங்களையும் குழப்பாதே. அது தமிழில் வந்த கடிதம். அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அன்ரிக்கு நான் தேவைப்படவில்லை.

நீங்கள் நினைக்கலாம், நான்தான் பட்டம் வைத்தேன், கடவுள் அதைக் கேட்டுக்கொண்டிருந்து நாட்டைத் தெரிந்தெடுத்தார் என்று. நானும் நினைத்திருக்கிறேன். கடவுளைவிட எனக்குப் பகிடி நல்லாக வரும்.

அன்ரி மறு கலியாணம் செய்யவில்லை. மரக்கறிக் கடைக்காரர் ஊரிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார். அன்ரி சென் தெனிக்குப் போய், முப்பது வருசம் கந்தோர்கள் கூட்டித் துடைத்தார். அந்த மாப்பையை வீடு மாறும்போது எங்கேயோ தொலைத்துவிட்டார். சூப்பி அதற்குள் இருந்தது. அந்த ஒரு இழப்பைப் பற்றி மட்டும் அவர் என்னோடு கதைப்பதில்லை.

இப்போது அவருடைய வீட்டுக்குப் போனால் தட்டு நிறையக் கங்காரு. மரத்தில், பஞ்சில், கண்ணாடியில். விட்டுவிட்டு வந்த பிறகு மகளைப் பார்த்ததில்லை, மகள் ஒரு வரி எழுதினதும் இல்லை, ஆனால் மகள் பார்க்கும் மிருகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஒரே நேரத்தில் வயிற்றில் ஒன்று, பையில் ஒன்று, காலடியில் ஒன்று வைத்திருக்குமாம். பையில் இருப்பதற்கு ஒரு பால், வெளியே நிற்பதற்கு இன்னொரு பால், இரண்டும் ஒரே தாயில் சுரக்குமாம். வளர்ந்தது பையை விட்டுப் போன பிறகும் தலையை மட்டும் உள்ளே விட்டுக் குடித்துவிட்டுப் போகுமாம். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் ஒரு மாதிரி இருக்கும். எல்லாம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பார்த்தது. மொழிபெயர்த்தவன் நான்.

வேட்டை நாய் வருகிற இடம் எல்லாப் படத்திலும் ஒன்று இருக்கும். தாய் ஓடும், குட்டி விழும், பின்னணிக் குரல்காரர் ஏதோ சொல்வார். அந்த இடத்தில் நான், அங்கே இந்த வருசம் மழை குறைவாம் அன்ரி என்பேன். ஓமோ என்பார். பக்கத்தில் இருந்து அதே படத்தைப் பார்க்கிற மனுசிக்குக் கண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. நான் ஒருநாளும் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை. எனக்கு இங்கிலீசும் தெரியும் என்று நம்புகிறார். அதுவும் நான் விட்ட கதைதான்.

அப்பா செத்துவிட்டார், மாமா செத்துவிட்டார், அன்றைக்கு அறையில் இருந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் மிச்சம். வெள்ளைக்காரன் தோற்கப் பிரெஞ்சு கதைத்த மகன் இனிச் செத்தாலும் யாருக்கும் நட்டம் இல்லை. ஆகவே இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்தேன். கந்தோரிலிருந்து தொடங்கினால் எனக்கு நாக்குப் புரளாது. கங்காருக்காரனில் தொடங்குவது. அந்தக் கம்பளிச் சட்டையில். அது எறியவில்லை அன்ரி, பயத்தில் பை தானாகத் தளர்ந்துவிட்டது, குட்டியைத் தாய் திரும்ப எடுத்தது, நான் என் கண்ணால் கண்டேன். அதைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மெதுவாக மற்றதை

வந்துவிட்டார். கடை வாசலில் நிற்கிறார். சில்லு வண்டியைப் படியில் ஏற்ற முடியாது, அங்கேயே நின்று கையில் ஒரு கடித உறையை ஆட்டுகிறார். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது.

"தம்பி, எழுதினது காணும், இஞ்சை ஓடிவா. ஒஸ்ரேலியாவிலையிருந்து. அவள்தான், என்ரை பிள்ளைதான். எல்லாம் இங்கிலீசிலை கிடக்கு, கடைசியிலை போட்டிருக்கிற கேள்விக்குறி மட்டும்தான் எனக்கு விளங்குது. என்ன கேக்கிறாள் எண்டு வந்து சொல்லு. நீ சொல்லுறதுக்குத்தான் நான் பதில் எழுதுவன்."